சி சாவ் சண்டைக்கு உதவாது என்பது பற்றி

எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) போட்டிகளில் யாரும் முன்கையோடு முன்கை ஒட்டி நிற்பதில்லை, ஆகவே விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையில் இருவர் முன்கைகளை ஒட்டி உருட்டிப் பழகும் சி சாவ் பயிற்சி வீண் என்கிறது உங்கள் கட்டுரை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. சி சாவ் சண்டையின் மாதிரி அல்ல. கைகள் மோதிக்கொண்ட பிறகு வரும் அந்த ஒரு நொடிக்கான பயிற்சி. அவ்வளவு நெருக்கத்தில் கண்ணால் பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்காது. தொடு உணர்வு அதைவிட வேகமானது.

டான் சாவ், போங் சாவ், ஃபுக் சாவ் என்ற கை நிலைகளில் மாறி மாறிக் கைகள் உருளும்போது, முழங்கையிலிருந்து மெல்லிய முன்னழுத்தம் மட்டும் இருக்க வேண்டும். எதிராளியின் கை விலகினால் நம் கை தானாக அந்த இடைவெளியில் புகும். பலமாகத் தள்ளினாலோ, அவர் சட்டென்று விட்டுவிட, நாம்தான் முன்னால் சாய்வோம். குத்தை நெஞ்சருகே நிறுத்துவதும் இதில் அடக்கம். அந்தக் கட்டுப்பாடு இல்லாதவரோடு யாரும் பயிற்சி செய்ய மாட்டார்கள்.

குத்துச்சண்டை வளையத்தில் கிளின்ச் பிடியில் (இருவரும் நெருங்கிக் கட்டிப்பிடிக்கும் நிலை) நடக்கும் கைப்போரும் இதே உணர்வைத்தான் கேட்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: பல வகுப்புகளில் இது யார் முதலில் தட்டுவது என்ற போட்டியாகிவிட்டது. 1950களில் ஹாங்காங்கில் விங் சுன் ஆசான் இப் மானின் மாணவர் வோங் ஷுன் லியுங், சி சாவோடு நிற்காமல் பிற பாணிக்காரர்களுடன் நேரடியாக மோதிப் பார்த்தார். தூரத்திலிருந்து உள்ளே நுழைவதை சி சாவ் கற்றுத் தராது, அதற்கு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) வேண்டும். அடுத்த கட்டுரையில் ஒற்றைக் கைப் பயிற்சியான டான் சி சாவ் பற்றியும் எழுதுங்கள்.