நவம்பர் 11-க்குத் தனிச் சட்டம் இல்லை

நவம்பர் 11 தேசியக் கல்வி நாள், அதற்கு நாடாளுமன்றம் சட்டம் போட்டு விடுமுறை விட்டிருக்கிறது, சென்னைப் பள்ளிகள் அதை மீறி வகுப்பு நடத்துகின்றன என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாள் சரிதாங்க, இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் அபுல் கலாம் ஆசாத் 1888-இல் பிறந்த நாள் அது. ஆனால் சட்டமெல்லாம் கிடையாது. 2008-இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் செய்த அறிவிப்புதான், அதிலேயே விடுமுறை விடாமல் கொண்டாட வேண்டும் என்றுதான் இருக்கிறது. (பேச்சுப் போட்டி வைக்கப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தால்தானே!) நீங்களே பார்க்கலாம்: தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் வெளியிடும் பொது விடுமுறை அரசாணையில் கல்வி நாள் என்ற பெயரே இருக்காது. மத்தியச் சட்டங்கள் அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.