அப்ப பக்கத்துல பறக்கிறது யாரு?

(சனிக்கிழமை இரவு ஒன்பதரை. மதுரையில் மாமா, கோவையில் அவர் மச்சினன். டி.சி.எஸ். வேர்ல்டு என்ற போர் விமான கம்ப்யூட்டர் கேமில் சேர்ந்து பறப்பதென்று ஒரு வாரமாகத் திட்டம். இருவர் காதிலும் ஹெட்போன்.)

மாமா: பிரமாதம் மாப்ள! என் இறக்கையை ஒட்டியே வர்ற பாரு. உங்க அக்கா ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்தாகூட இப்படி அலுங்காம வரமாட்டா.

மச்சினன்: மாமா, நான் இன்னும் கேமுக்குள்ளயே வரலை.

மாமா: விளையாடாத. இப்பத்தான ரெண்டு டாங்கை அடிச்ச?

மச்சினன்: சட்னி அரைச்சுக்கிட்டு இருந்தேன். மிக்ஸி சத்தம் கேட்கலையா?

மாமா: அதை ஜெட் இன்ஜினோட ஆஃப்டர்பர்னர்னு நினைச்சேன்டா! அப்ப பக்கத்துல பறக்கிறது யாரு?

மச்சினன்: மிஷனை அடுக்குற எடிட்டர்ல என் விமானத்துக்கு ஸ்கில்னு ஒரு பெட்டி இருக்குமே, அதுல என்ன போட்டீங்க?

மாமா: ரூக்கி.

மச்சினன்: ரூக்கியா?

மாமா: நீ கத்துக்குட்டிதானே! சூரன் மாதிரி ஏஸ்னு போட மனசாட்சி இடம் கொடுக்கலை. எனக்கு பிளேயர்னு போட்டுக்கிட்டேன்.

மச்சினன்: ரூக்கி போட்டாலும் ஏஸ் போட்டாலும் ஓட்டுறது கம்ப்யூட்டர்தான். பிளேயர்ங்கிறது தனியா ஆடுற ஆளுக்கு. நாம சேர்ந்து ஆடணும்னா ரெண்டு விமானத்துக்கும் கிளையன்ட்னு போடணும்.

மாமா: திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் கிளையன்ட்டுகிட்ட திட்டு வாங்குறேன். சனிக்கிழமை நானே கிளையன்ட்டா? சரி, மாத்தியாச்சு.

மச்சினன்: விமானம் என்ன?

மாமா: எஃப்-18. சிரியா மேப். ரெண்டும் தள்ளுபடியில வாங்கினது.

மச்சினன்: நான் ரெண்டையும் வாங்கலையே! விமானம் இல்லைன்னா அந்த சீட்டுல உட்கார முடியாது. மேப் இல்லைன்னா வாசல்லயே நிறுத்திடும்.

மாமா: அதெப்படி? நான் டி.வி. வாங்கினா நீ வந்து பாக்குறதில்லையா? நீ வந்துட்டா ரிமோட்டே என் கைக்கு வராதே!

மச்சினன்: இது சினிமா டிக்கெட் மாதிரி மாமா, ஆளுக்கு ஒண்ணு. காசில்லாம வர்றது சுகோய்-25டி. மேப்புக்கு காகசஸ். அதுல போடுங்க.

(நாற்பது நிமிடம். காகசஸ் மேப்பில் படூமி விமானத்தளத்தில் இரண்டு சுகோய், கொபுலெட்டி பக்கம் எதிரி டாங்க் வரிசை. பறந்து போய் அடித்துத் திரும்ப இருபது நிமிடம் போதும். அடுக்கி முடிப்பதற்குள் மாமாவின் தோசை வரட்டியாகிவிட்டது.)

மாமா: சர்வர் போட்டுட்டேன். வா.

மச்சினன்: வர முடியலை. ரவுட்டர்ல 10308 போர்ட்டைத் திறந்தீங்களா?

மாமா: அது எந்த ஊர் பின்கோடு?

மச்சினன்: போர்ட் நம்பர், வெளிய இருந்து கேமுக்குள்ள வர்ற வழி. டி.சி.பி., யு.டி.பி.ங்கிற ரெண்டு வகையிலயும் திறக்கணும். ரவுட்டர் பக்கத்துக்குப் போய் வெளிப்பக்க ஐ.பி. முகவரி என்னன்னு பாருங்க.

மாமா: பாஸ்வேர்டு ரவுட்டருக்கு அடியில ஒட்டியிருக்கு. ரவுட்டர் பரண்ல இருக்கு. ஏணி கீழ் வீட்டுல இருக்கு. இரு.

(கால் மணி நேரம்.)

மாமா: 100.72-ன்னு ஆரம்பிக்குது.

மச்சினன்: போச்சு. உங்களுக்குன்னு தனி முகவரி இல்லை. காம்பவுண்டு வீடு மாதிரி தெருவுக்கு ஒரே கேட், உள்ள பல குடித்தனம். உங்களைத் தேடி வர்றவனுக்கு எந்தக் கதவுன்னு தெரியாது. நீங்க வெளிய போகலாம், வெளிய இருந்து உங்க வீட்டுக்கு யாரும் வர முடியாது.

மாமா: இந்த வசதி உங்க அப்பா வர்றப்ப இருந்திருக்கலாம்.

மச்சினன்: மாமா!

மாமா: சும்மா சொன்னேன். 2006-ல ஐ.எல்-2 1946-ங்கிற விமான கேம் வந்தப்ப நாங்க சேர்ந்து ஆடாத கோ-ஆப்பா? நாலு கம்ப்யூட்டர், ஒரு ஸ்விட்ச். ஒருத்தன் மிஷனைப் போடுவான், ஆளாளுக்கு சீட்டைப் பிடிப்போம், எல்லாரும் ரெடின்னதும் கிளம்பிடும்.

மச்சினன்: லேட்டா வந்தவன்?

மாமா: வேடிக்கை பாக்க வேண்டியதுதான். அங்க ரெண்டாம் பந்தியே கிடையாது. செத்தாலும் அவ்வளவுதான், எழுந்து கை கழுவணும்.

மச்சினன்: இங்க நடுவுலயும் வரலாம், செத்தாலும் மறுபடி சீட் எடுக்கலாம்.

மாமா: முதல் இலையே இன்னும் விழலையேடா!

மச்சினன்: மிஷன் ஃபைலை வாட்ஸ்அப்ல அனுப்புங்க. எனக்குத் தனி முகவரி இருக்கு, நானே சர்வர் போடுறேன்.

(பதினொன்றேமுக்கால். ஒருவழியாக இருவரும் படூமியில்.)

மாமா: இன்ஜின் ஓடலையே.

மச்சினன்: எல்லாம் அணைச்சு நிக்கிற மாதிரி வச்சிருக்கீங்க. வலது ஷிஃப்ட்டும் எல்லும் அழுத்தினா கரண்ட். வலது ஷிஃப்ட்டும் ஹோமும் அழுத்தினா இன்ஜின்.

மாமா: ஆகா, ஓடுது! மெதுவா நகர்றேன். பின்னாடி பாத்து வா... டேய், என்னடா இடிக்குது?

மச்சினன்: சாரி மாமா. பிரேக் எந்த பட்டன்னு தேடிக்கிட்டு இருந்தேன்.

(இரண்டு சுகோய்களும் எரிகின்றன. கொபுலெட்டியில் டாங்குகள் நலம்.)

மச்சினன்: பரவாயில்லை, அதே சீட்டை மறுபடி எடுத்துக்கலாம்.

மாமா: மாப்ள, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?

மச்சினன்: கேளுங்க மாமா.

மாமா: அந்த ரூக்கி பையனை மறுபடி கூப்பிட முடியுமா?