நம்ம பாலைக் கொடுத்து வாங்கிய அரிசி

எங்கள் அப்பாயி கடைசிவரை கூப்பன் அரிசியைச் "சீனத்து அரிசி" என்றுதான் சொல்லும். சங்கக்கடையில் அளந்து போட்டது பர்மா அரிசியோ பொலன்னறுவை அரிசியோ, அதற்கு எல்லாமே சீனத்து அரிசிதான். "நம்ம பால குடுத்து வாங்குனது" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்ளும். சின்ன வயதில் நான் மாட்டுப் பால் என்றே நினைத்திருந்தேன்.

அது இறப்பர் பால். கேகாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பாயி முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும் என்பதால் விடியுமுன்னே லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு இறங்க வேண்டும். பட்டையைச் சீவும்போது கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், அப்பாயிக்குக் கங்காணியிடம் ஏச்சு. சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் கொண்டுபோய் ஊற்றினால், அசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைபோட்டு எடுப்பார்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் பேரும் இல்லை, அதாவது அன்றைய கூலியும் இல்லை.

அந்தத் தகடுகளில் பெரும்பகுதிதான் 1952க்குப் பிறகு சீனாவுக்குக் கப்பலேறியது. இறப்பர்-அரிசி ஒப்பந்தம். சீன-இலங்கை உறவு என்று எந்த மேடை போட்டாலும் இதை இழுக்காமல் பேச்சு முடிவதில்லை. "காலத்தால் அழியாத நட்பு" என்று தொடங்கிவிடுவார்கள். எனக்கு அங்கேதான் எரிச்சல் வரும். நட்பெல்லாம் பிறகு வந்தது. அன்றைக்கு நடந்தது கணக்குப் பார்த்துச் செய்த வியாபாரம், அதுவும் நம்மவர்கள் மிகக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தது.

கொரியப் போர்ச் சூட்டில் ஏறிய இறப்பர் விலை விழுந்துகொண்டிருந்தது. அரிசி விலையோ ஏறிக்கொண்டிருந்தது, பணம் கொடுத்தாலும் கிடைப்பது கஷ்டம். அமெரிக்காவிடம் கேட்டுப் பார்த்தார்கள், நமக்குக் கட்டுப்படியாகும் விலை படியவில்லை. சீனாவுக்கு இறப்பர் போன்ற போர்த் தேவைப் பொருட்களை விற்காதீர்கள் என்று 1951 மே மாதத்தில் ஐ.நா. தீர்மானம் போட்டிருந்தது. ஆனால் இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பு நாடே இல்லை. சோவியத் யூனியன் வீட்டோ போட்டு நம்மை வெளியே நிறுத்தியிருந்தது. 1955இல்தான் கதவு திறந்தது. வாசலில் நிறுத்தப்பட்டவனுக்கு வீட்டுச் சட்டம் ஏது?

இத்தனைக்கும் பிரதமர் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் கம்யூனிசம் என்றாலே முகம் சுளிக்கிற அரசாங்கம். வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்கா பெய்ஜிங் போய் டிசம்பர் 18ஆம் தேதி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வந்தார். வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும், ஐந்து வருடத்துக்கு. இறப்பருக்குச் சந்தை விலைக்கு மேலே. இரண்டு நாட்டுக்கும் இடையில் அப்போது தூதரகம்கூடக் கிடையாது. தூதரக உறவு 1957 பெப்ரவரியில்தான் வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் புதுப்பித்து இந்த ஏற்பாடு 1982 வரை ஓடியது. கையில் என்ன இருக்கிறது, வீட்டில் என்ன இல்லை, எதிரில் இருப்பவனுக்கு எது அவசரம் என்ற மூன்றும் தெரிந்தவர்கள் போய் உட்கார்ந்ததால் நடந்தது இது.

ஆனால் இதைப் பொற்காலமாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தம் போட்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1953 ஓகஸ்ட்டில் நாடே ஹர்த்தாலில் நின்றது. அரசாங்கம் மானியத்தை வெட்டியதில் கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாகியிருந்தது. அரிசி கப்பலில் வந்தது சரி, கொத்துக்கு என்ன விலை என்பதைக் கொழும்புதானே போட்டது! அப்புறம் இன்னொன்று. பால் வெட்டிய அப்பாயிக்கு அப்போது குடியுரிமை இல்லை. 1948 சட்டத்தில் நாடற்றவர்களான இலட்சக்கணக்கான தோட்டத்து ஆட்களில் அதுவும் ஒன்று. ஒப்பந்தத்தின் ஒரு பக்கத் தராசில் கிடந்த சரக்கை வெட்டியவர்களில் எத்தனையோ பேருக்கு, அதைப் போட்ட அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்க வாக்குக் கிடையாது. நினைவுமலர்களில் இந்த வரியை நான் பார்த்ததில்லை.

இப்போதைக்கு வருகிறேன். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கடனுக்காகச் சீனா பிடுங்கிக்கொண்டது என்று பாதிப்பேர் இன்னும் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. 2017இல் 112 கோடி டொலர் வாங்கிக்கொண்டு 99 வருடக் குத்தகைக்கு நாமே கொடுத்தோம். கடன் பாட்டுக்குக் கடனாக நின்றது. பிடுங்கினான் என்றால் நம் பேரத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை அல்லவா, அந்தச் சௌகரியம்தான். 2021இல் இன்னொரு கூத்து. சேதனப் பசளை (இயற்கை உரம்) ஏற்றி 20,000 தொன்னோடு சீனக் கப்பல் வந்தது. மாதிரியில் கிருமி இருக்கிறது என்று இறக்கவிடவில்லை. அதற்கான பணத்தைக் கொடுக்கவில்லை என்று சீனத் தூதரகம் நம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் ஒரு மூட்டைகூட இறங்காத சரக்குக்கு ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் கட்டினோம். அப்பாயி இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்பதை இங்கே எழுத முடியாது.

போன மாதம் மகளைக் கொழும்பு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். காலி நகரில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்ததாம். உச்சியில் இரண்டு டிராகன்கள் எதிரெதிரே. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409 தேதியிட்டுக் கொண்டுவந்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய். மூன்று தெய்வத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே சீர்வரிசை. யாரையும் பகைக்க விரும்பாத வியாபாரப் புத்தி. அன்றைய துறைமுகங்களில் பேச்சு நடக்கத் தமிழ் வேண்டியிருந்தது, ஆகவே கல்லில் தமிழ் ஏறியது. 1411இல் அதே செங் ஹே இங்கே ஆட்சியில் இருந்த வீர அழகேஸ்வரனைப் பிடித்துக் கப்பலில் சீனாவுக்குக் கொண்டுபோனதும் உண்டு. அது கல்லில் இல்லை.

2021இல் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு திறந்த நூலகத்தின் பலகையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது. தமிழ் இல்லை. சத்தம் கிளம்பியதும் பலகையைக் கழற்றினார்கள். இதையெல்லாம் மகளிடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று விரல் மடக்கி எண்ணினாள்.

"சீனம், தமிழ், பாரசீகம். இதுல சிங்களம் எங்கப்பா?"

பக்கத்தில் நின்ற காவலாளிக்குத் தமிழ் தெரியும் போல. முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.