தங்க உறுப்பினராம்!

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தால் போதும், வாங்க ஆள் பிடித்துத் தருகிறோம் என்று ஏதாவது ஒரு 'தங்க உறுப்பினர்' திட்டம் தேடி வந்துவிடும். பணம் கட்டும் வரை வாய் நிறைய 'அண்ணே, அண்ணே' என்ற தம்பி, கட்டிய மறுநாளே போனை எடுப்பதில்லை. சந்தாவுக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு.

பொருள் கேட்டு வந்த விசாரணையாவது உருப்படியா? நான் விற்பது நைட்டி. கேட்பவருக்கு வேண்டியது தண்ணீர் மோட்டார். அதே ஆளின் நம்பரை பக்கத்துக் கடைக்கும் கொடுத்திருக்கிறார்கள். பாவம், அந்த மனுஷன் போன் எடுத்தே நொந்திருப்பார்.

சேவை மையத்தைக் கூப்பிட்டால் 'ஒன்றை அழுத்தவும்', கொஞ்சம் பாட்டு, அப்புறம் கட். சிறு தொழில்களுக்கான அரசாங்கத்தின் உத்யம் பதிவுக்கே கட்டணம் கிடையாது. அதற்கும் காசு பிடுங்க ஆள் இருக்கிறது.

இப்போது சந்தாவைப் புதுப்பிக்கும் நேரம். தினமும் போன் வருகிறது. சரி, பழைய புகார் என்னாச்சு என்று கேட்டால், அது வேறு டிபார்ட்மென்ட்டாம்!