ராஜினாமா எண் 11

(தென்சென்னையில் ஒரு பழைய வீட்டின் கார் ஷெட். அதில்தான் இயற்கை உணவுக் கூட்டுறவுக் கடை. போர்டு உண்டு, அவரைக்கொடி படர்ந்து பெயரை மூடிவிட்டது. ஞாயிறு காலை எட்டு மணி. தராசுக்குப் பின்னால், கடையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. வாசலில், ஒரு கையில் மஞ்சப்பை, மறு கையில் வெள்ளை உறையுடன், பதினெட்டு வருட உறுப்பினரான ஓய்வுபெற்ற சார்.)

அக்கா: வாங்க சார். தினை வந்திருக்கிறது, புதுசு.

சார்: தினை கிடக்கட்டும். இதைப் பிடியுங்கள்.

அக்கா: யாருக்குக் கல்யாணம்?

சார்: பத்திரிகை இல்லை அம்மா, ராஜினாமா. பங்குத்தொகை 500 ரூபாயைக் கொடுத்தால் கிளம்பிவிடுவேன்.

அக்கா: அட, இந்த வருஷம் ஆடிக்கு முன்னாலேயே வந்துவிட்டதா? இருங்கள், ஃபைலை எடுக்கிறேன். இது... எண் 11.

சார்: எண் போட்டு வைத்திருக்கிறீர்களா!

அக்கா: பச்சை மையில். எண் 1, துவரம் பருப்பில் செம்மண்.

சார்: இருந்ததா இல்லையா?

அக்கா: செம்மண் கட்டிக் காயவைத்த பருப்பு சார். கட்டினால் வண்டு அண்டாது.

சார்: வண்டு அண்டவில்லை. என் வீட்டில் மனுஷர்களும் அண்டவில்லை.

அக்கா: எண் 4, மாம்பழம்.

சார்: அது வஞ்சனை. கல் வைத்துப் பழுக்க வைப்பதில்லை என்று சொல்லிவிட்டுக் கல்லையே கொடுத்தீர்கள்.

அக்கா: வைக்கோலில் நாலு நாள் வையுங்கள் என்றேன். நீங்கள் இரண்டாம் நாளே கத்தியோடு உட்கார்ந்தால்? எண் 7, மாப்பிள்ளைச் சம்பா வேகவில்லை. அதற்கு நான் பதிலே எழுதியிருக்கிறேன், பாருங்கள்: "முதல் நாள் இரவே ஊற வைக்கவும்."

சார்: பழைய கதை வேண்டாம். இந்த முறை காரணமே வேறு. கொள்கைப் பிரச்சினை.

அக்கா: சொல்லுங்கள்.

சார்: உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு ஞாயிறு மூன்று மணி நேரம் கடையில் வேலை செய்யவேண்டும். சரிதானே? எட்டு வருஷமாக நான் எங்கே நின்றேன்?

அக்கா: தராசில்.

சார்: போன மாதம் எங்கே நிற்கவைத்தீர்கள்?

அக்கா: சாக்குக்குச் சணல் கட்டும் இடத்தில்.

சார்: தராசில் யார்? நேற்று சேர்ந்த ஒரு ஐடி பையன். வரகுக்கும் சாமைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனில் போட்டோ எடுத்துப் பார்க்கிறான்!

அக்கா: அவன் ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரை அனுப்பிவிடுகிறான் சார். நீங்கள் நின்றால் நாலு பேர். அன்றைக்குக் காட்டுயானம் அரிசி கேட்டு வந்த அம்மாவுக்கு என்ன சொன்னீர்கள்?

சார்: கூட்டுறவு என்றால் என்ன என்று சொன்னேன்.

அக்கா: 1844-இல் ஆரம்பித்தீர்கள்.

சார்: வேறு எங்கே ஆரம்பிப்பது? இங்கிலாந்தில் ராச்டேல் ஊர். 28 பேர். நெசவாளிகளும் மற்ற தொழிலாளிகளும். ஆளுக்கு ஒரு பவுண்டு பணம் போட்டுக் கடை திறந்தார்கள். சரக்கு என்ன தெரியுமா? வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுவத்தி. கலப்படம் கிடையாது, எடை சுத்தம். ஆளுக்கு ஒரு ஓட்டு.

அக்கா: நீங்கள் 1904-க்கு வந்து திருவல்லிக்கேணியில் கடை திறப்பதற்குள் அந்த அம்மா வீட்டுக்கே போய்விட்டார்.

சார்: திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை எப்படி விடுவது? நம் ஊர்ப் பெருமை இல்லையா?

அக்கா: பெருமைதான். ஆனால் தராசுத் தட்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொல்லாதீர்கள். அன்றைக்கு ஒருவர் வாங்கிய ஒரு கிலோ குதிரைவாலியில் 200 கிராம் உங்கள் முழங்கை.

சார்: ...யார் சொன்னது?

அக்கா: அவர்தான் திரும்பி வந்து சொன்னார். "எடை சுத்தம்" என்று நீங்கள் சொன்ன நேரத்தில்தான் நடந்ததாம்.

சார்: அதெல்லாம் இருக்கட்டும். 500 ரூபாய்.

அக்கா: நான் எப்படிக் கொடுப்பது? பொதுக்குழு ஏற்கவேண்டும். குறைந்தது 25 பேர் இருக்கவேண்டும். உங்கள் எண் 10 போன கூட்டத்தில் வந்தது. சரியாக 25 பேர்தான் இருந்தோம்.

சார்: பிறகென்ன?

அக்கா: "என் கடிதத்தைக் கடைசியில் வைத்துவிட்டீர்கள்" என்று நீங்கள் வெளிநடப்பு செய்துவிட்டீர்கள். 24.

சார்: சரி, எனக்கு வரவேண்டியது வேறு ஒன்றும் இருக்கிறது. என் பீரோ.

அக்கா: மறுபடியும் பீரோவா!

சார்: 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இந்தக் கடையிலிருந்து ஒன்பது பேர் வந்து என் ஸ்டீல் பீரோவை மாடிக்கு ஏற்றினீர்கள். தண்ணீர் வடிந்தது. பீரோ இறங்கவில்லை. இன்றுவரை வேட்டி எடுக்க மாடி ஏறுகிறேன்.

அக்கா: இறக்க எத்தனை முறை வந்தோம்? அதே ஒன்பது பேர்தான் வேண்டும் என்கிறீர்கள். அதில் ஒருவர் டல்லாஸில் மகன் வீட்டில். ஒருவருக்கு முதுகு போய்விட்டது.

சார்: படிக்கட்டில் அந்தத் திருப்பம் புது ஆளுக்குத் தெரியாது.

அக்கா: உங்கள் மொட்டைமாடியில் மூன்று நாள் இருந்தோமே, அந்தத் தெரு முழுக்க.

சார்: அடுப்பு ஏது அப்போது? கடையில் மிச்சமிருந்த அவலை நனைத்து, நாட்டுச் சர்க்கரை போட்டு நான்தானே எல்லோருக்கும் கொடுத்தேன். சர்க்கரையில் கல்.

அக்கா: எண் 6. தண்ணீர் வடிந்த மறுநாள் தேதி போட்டிருக்கிறது.

(சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.)

அக்கா: சரி, விலகிவிட்டு அரிசிக்கு எங்கே போவீர்கள்?

சார்: போய்ப் பார்த்தேன். ஏ.சி. போட்ட பெரிய கடை. "இந்த அரிசி எந்த ஊர் வயல்?" என்று கேட்டேன். பில் போடும் பெண் "போன் நம்பர் சொல்லுங்க சார்" என்றது. வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தேன். எடை சரியாக இருந்தது. அரிசியில் கல் இல்லை, வண்டு இல்லை.

அக்கா: நல்லதுதானே?

சார்: என்ன நல்லது? உள்ளே போனது எட்டு மணி, வெளியே வந்தது எட்டு ஏழு. மீதி ஞாயிற்றுக்கிழமைக்கு நான் என்ன செய்வது?

அக்கா: (உறையை ஃபைலில் செருகிக்கொண்டே) அந்த ஐடி பையனுக்கு இன்று காய்ச்சல். வரமாட்டானாம்.

சார்: அதனால்?

அக்கா: பின்பக்கம் செக்கு எண்ணெய் டின் வந்து நிற்கிறது, நான் இறக்கவேண்டும். அதோ, வாசலில் ஒருவர் பையோடு வருகிறார். புதுமுகம்.

சார்: நான் விலகிவிட்டேன் அம்மா.

அக்கா: பொதுக்குழு இன்னும் ஏற்கவில்லையே.

(சார் எழுந்து, துண்டால் தராசுத் தட்டைத் துடைக்கிறார். கண்ணாடியைச் சரிசெய்துகொள்கிறார்.)

சார்: வாங்க, வாங்க. என்ன வேண்டும், தினையா? அரைக் கிலோ போதுமா? உறுப்பினரா நீங்கள்? இல்லையா! அப்படியானால் கொஞ்சம் இப்படி நில்லுங்கள். 1844, டிசம்பர் 21. நல்ல குளிர்...

அக்கா: (பின்பக்கத்திலிருந்து) சார், முழங்கை!