காற்றாலைச் சுழல் மழைமேகத்தைக் கலைக்கிறதா?

"முப்பந்தல் காற்றாலைகள் கிளப்பும் சுழல் மேலே போய்ப் பெரிதாகி மேகத்தைக் கலைத்துவிடுகிறது, அதனால்தான் ஆரல்வாய்மொழிப் பக்கம் மழை குறைவு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

இறக்கைக்குப் பின்னால் சுழல் கிளம்புவது உண்மைதான். ஆனால் அது வளர்வதில்லை, உடைகிறது. பெரிய சுழல் சிறியதாக, அது இன்னும் சிறியதாகச் சிதறி, கடைசியில் மில்லிமீட்டர் அளவில் காற்றின் பாகுத்தன்மையால் (உள் உராய்வால்) வெப்பமாகிவிடும். 1922இல் ஆங்கிலேய வானிலை அறிஞர் ரிச்சர்ட்சன் சொன்ன இந்தச் சங்கிலியை 1941இல் ரஷ்யக் கணித அறிஞர் கோல்மகோரோவ் கணக்கில் கொண்டுவந்தார். (நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள ஓட்டங்களில் ஆற்றல் எதிர்த்திசையிலும், அதாவது சிறியதிலிருந்து பெரியதுக்கும் போகும், காற்றாலைச் சுழல் அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது.)

மழை குறையக் காரணம் மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் ஏறும்போதே ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வேகமெடுத்து வருவது பெரும்பாலும் வறண்ட காற்று. ஆலைகளை அங்கே நட்டதே அந்த வேகத்துக்காகத்தான்.