டி.ஏ.இ.பி.யில் என் மகனின் 45 நாட்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் தயங்கினேன். என் மகனே படித்துப் பார்த்து, "போடும்மா" என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன்.

2023 அக்டோபர். அப்போது அவன் பத்தாம் வகுப்பு. பள்ளிக் கழிப்பறையில் வேப்போடு, அதாவது நிகோட்டின் இழுக்கும் மின்சிகரெட்டோடு, பிடிபட்டான். நண்பனுடையது என்று முதலில் சொன்னான். அன்று ராத்திரி சாப்பிடும்போது தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டான். இரண்டு மாதப் பழக்கம். தப்பு அவன்மேல்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இங்கே டெக்சாசில் அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் ஹெச்.பி. 114 என்ற சட்டம் அமலுக்கு வந்திருந்தது. பள்ளியில் வேப் வைத்திருந்தாலே டி.ஏ.இ.பி.க்கு அனுப்பியாக வேண்டும், பிரின்சிபல் நினைத்தாலும் விட முடியாது. டி.ஏ.இ.பி. என்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான பிள்ளைகளுக்காக ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) நடத்த வேண்டிய தனி ஏற்பாடு. பிள்ளைகள் 'ஆல்டர்னேட்டிவ் ஸ்கூல்' என்பார்கள். அந்த ஆண்டு இடம் போதாமல் பல மாவட்டங்கள் திணறின. 2025 இல் சட்டமன்றம் அதைத் தளர்த்தி, முதல் தடவை பிடிபட்டால் அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. இவன் மாட்டியது நடுவில்.

வகுப்பிலிருந்து நீக்கிய மூன்றாவது பள்ளி நாளுக்குள் பெற்றோரோடு பேச ஒரு கூட்டத்துக்கு நேரம் குறிக்க வேண்டும் என்பது சட்டம். நாங்களும் போனோம். அசிஸ்டன்ட் பிரின்சிபல் மரியாதையாகத்தான் பேசினார். 45 பள்ளி நாட்கள் என்றார். அவர் காட்டிய இடத்தில் எல்லாம் நானும் கணவரும் கையெழுத்துப் போட்டோம், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு அவமானம் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் கணவர் சொன்ன முதல் வார்த்தை, "யாருக்கும் தெரிய வேண்டாம்."

அடுத்த வாரம் டி.ஏ.இ.பி.யில் ஓரியன்டேஷன். ஏழு பக்க விதிமுறை. ஒவ்வொரு விதிக்கும் எதிரில் அவனும் நானும் பெயரின் முதல் எழுத்துகளைப் போட வேண்டும். ஒற்றை நிற போலோ சட்டை, உள்ளே செருகியிருக்க வேண்டும். காக்கி பேன்ட், பெரிய பக்கிள் இல்லாத கறுப்பு பெல்ட். பை கூடாது, போன் கூடாது, சங்கிலி, மோதிரம், கயிறு எதுவும் கூடாது. (சமயபுரத்தில் அவன் பாட்டி கட்டிவிட்ட கறுப்புக் கயிற்றை அன்று காரில் வைத்து நான்தான் வெட்டினேன்.) காலையில் மெட்டல் டிடெக்டர், ஷூவைக் கழற்றித் தட்டிக் காட்ட வேண்டும், பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். வரிசையில் நடக்கும்போது பேசக் கூடாது, கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒவ்வொரு பீரியடுக்கும் ஆசிரியர் ஒரு தாளில் மதிப்பெண் போடுவார். அது குறைந்தால் அந்த நாள் கணக்கில் வராது. வராத நாளும் கணக்கில் வராது, காய்ச்சலே ஆனாலும் சரி.

சாப்பாடு கொண்டுபோகலாம், ஆனால் உலோகப் பாத்திரம் கூடாது, எல்லாம் வெளியே தெரிய வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவன் எவர்சில்வர் டப்பாவில்தான் கொண்டுபோவான். முதல் நாள் காலை எலுமிச்சை சாதத்தை ஜிப் பையில் அள்ளிப் போட்டு அமுக்கி மூடினேன். அது கண்ணாடிபோலப் பளபளவென்று கிடந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, அதுவரை வரவில்லை.

நான் இந்த விதிகளைக் குறை சொல்ல வரவில்லை. அங்கே சண்டை போட்டு வந்தவர்கள், போதைப்பொருளோடு பிடிபட்டவர்கள் எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். சோதனை வேண்டும், கட்டுப்பாடு வேண்டும், சரி. சீருடைகூட நல்லதுதான், யார் விலை உயர்ந்த ஷூ போட்டிருக்கிறார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. என் கேள்வி வேறு. அந்த ஏழு பக்கத்திலும் பிள்ளை பள்ளிக்குச் செய்ய வேண்டியது மட்டும்தான் இருந்தது. பள்ளி பிள்ளைக்குச் செய்ய வேண்டியது எந்தப் பக்கத்தில்?

அது சட்டத்தில் இருக்கிறது. டெக்சாஸ் கல்விச் சட்டம், அத்தியாயம் 37, பிரிவு 37.008. இணையத்தில் யாரும் படிக்கலாம். நான் படித்தது மூன்றாவது வாரத்தில்தான். டி.ஏ.இ.பி. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு, சுய ஒழுக்கம் ஆகியவற்றில் கவனம் செலுத்த வேண்டும். கவுன்சிலிங் தர வேண்டும். உரிய சான்றிதழ் பெற்றவர்களே ஆசிரியர்களாக இருக்க வேண்டும். மாணவர் தன் வகுப்புக்குரிய நிலையில் படிக்கும்படி செய்வதுதான் அதன் கல்வி நோக்கம் என்றே எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நடந்தது என்ன? நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஹெட்போனில் பாடம். வேதியியலில் ஆய்வுக்கூடம் கிடையாது, திரையில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய பள்ளியில் அவன் எடுத்திருந்த மேல்நிலைக் கணக்கு அங்கே இல்லை. அந்தக் கணக்கு ஆசிரியர் அனுப்ப வேண்டிய பாடத்தாள்கள் முதல் இரண்டு வாரம் வரவே இல்லை. ஒருநாள் மதியம் மேசையில் தலை சாய்த்தான் என்று மதிப்பெண் குறைத்தார்கள், அந்த நாள் போச்சு. ஏன் சாய்த்தான் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் நிகோட்டின் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும். அதற்காகத்தானே அனுப்பினார்கள்! மொத்த நாட்களிலும் கவுன்சிலர் அவனோடு தனியாகப் பேசியது இரண்டே தடவை. பழக்கத்தை விட அவனுக்கு உதவியது எங்கள் குடும்ப டாக்டர்.

இன்னொன்றையும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. டி.ஏ.இ.பி.யில் இருக்கும்வரை பள்ளி நிகழ்ச்சிகள் எதிலும் கலந்துகொள்ளக் கூடாது, பார்வையாளராகக்கூட வரக் கூடாது. எங்கள் மாவட்டத்தின் விதிப்படி அதன் எந்த வளாகத்திலும் கால் வைக்கக் கூடாது. மகளின் ஆர்கெஸ்ட்ரா நிகழ்ச்சிக்கு நான் மட்டும் போனேன், கணவர் இவனோடு வீட்டில் இருந்தார். எங்கள் ஞாயிறு தமிழ்ப்பள்ளி நடப்பதும் மாவட்டத்திடம் வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக் கட்டடத்தில்தான். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு உயிரெழுத்து சொல்லிக்கொடுக்க இவன் உதவிக்குப் போவான். அதுவும் நின்றது. 'ஊருக்குப் போயிருக்கிறான்' என்று பொய் சொன்னேன். ஒரு பையனைத் தப்பான சகவாசத்திலிருந்து மீட்க வேண்டுமென்றால், அவனுக்கு நல்ல சகவாசம் இருக்கும் இடத்தைப் பூட்டலாமா?

அக்டோபரில் தொடங்கியது, நன்றிதெரிவிப்பு விடுமுறை, கிறிஸ்துமஸ் விடுமுறை எல்லாம் தாண்டி ஜனவரியில்தான் முடிந்தது. 2019 இல் வந்த ஒரு சட்டப்படி, டி.ஏ.இ.பி.யிலிருந்து திரும்பும் மாணவருக்குப் பள்ளி தனித்திட்டம் ஒன்று போட வேண்டும். இந்தத் தடவை நான் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டதும் செய்தார்கள், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கணக்கு ஆசிரியர் ஆறு வாரம், வாரம் இரண்டு நாள், பள்ளி முடிந்த பிறகு அவனுக்காக உட்கார்ந்தார். முதல் நாளே கேட்டிருந்தால்?

திரும்பி வந்த பிறகும் கொஞ்ச நாள் ஒரு பழக்கம் விடவில்லை. மளிகை வாங்க ஹெச்.இ.பி.க்குப் போனால், என் பின்னால் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடப்பான். நம் ஊரில் வாத்தியார் முன்னால் கையைக் கட்டி நிற்பது நெஞ்சுக்கு நேராக. இது அப்படி இல்லை, பார்க்க விலங்கு போட்டதுபோல இருந்தது. "கையை விடுடா கண்ணா" என்றால் அப்போதுதான் அவனுக்கே தெரியும்.

ஓரியன்டேஷன் அன்று அறையில் இருந்த குடும்பங்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள், மெக்சிகோ வழி வந்தவர்கள். டெக்சாசில் கறுப்பினப் பிள்ளைகள் தங்கள் எண்ணிக்கைக்கு மீறிய விகிதத்தில் இங்கே அனுப்பப்படுகிறார்கள் என்பது பல ஆண்டுகளாகப் பதிவாகியிருக்கும் உண்மை. நம் வாட்ஸ்அப் குழுக்களில் 'அந்த மாதிரிப் பசங்க போற ஸ்கூல்' என்று பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன், அதற்கு வெட்கப்படுகிறேன். அன்று எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். என்னைப் போல அவரும் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் பிள்ளையை டி.ஏ.இ.பி.க்கு அனுப்புவதாகக் கடிதம் வந்தால், கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். இப்போது படிக்கும் பாடங்களில் எது அங்கே இருக்கிறது, எது இல்லை? வகுப்பு ஆசிரியர் எந்தக் கிழமை பாடத்தாள் அனுப்புவார்? கவுன்சிலர் வாரத்தில் எத்தனை தடவை பார்ப்பார்? எந்தக் காரணத்தால் நாள் கணக்கில் வராமல் போகும்? உள்நோக்கம் இருந்ததா, தற்காப்பா, இதற்கு முன் ஏதாவது தப்பு உண்டா, உடல் மனக் குறைபாடு உண்டா என்பதையெல்லாம் முடிவு எடுக்கும்போது பார்க்க வேண்டும் என்று அதே அத்தியாயம் 37 சொல்கிறது. பார்த்தார்களா என்று கேளுங்கள். சிறப்புக் கல்வியில் இருக்கும் பிள்ளை என்றால், 10 பள்ளி நாட்களுக்கு மேல் அனுப்பும் முன் அந்த நடத்தைக்குக் குறைபாடு காரணமா என்று தனியாக ஒரு கூட்டம் நடத்தியாக வேண்டும், இது சட்டம்.

கூட்டத்துக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால் எனக்கு இன்பாக்ஸ் செய்யுங்கள். டாலஸ் பக்கம் என்றால் நேரில் வருகிறேன். பிள்ளை யாரிடமாவது பேச நினைத்தால் என் மகனும் வருவான், அவனே சொன்னான்.